பரிசுத்த சபை கூடுதல்

பரிசுத்த சபை கூடுதல் என்பது பக்த் சிங் (1903–2000) தொடங்கிய கிறித்தவ சபைகளில் நடைபெறும் பல நாள் ஆன்மிகக் கூடுகை ஆகும். விசுவாசிகள் அன்றாட வேலைகளை நிறுத்தி, ஓரிடத்தில் சேர்ந்து தங்கி, ஜெபத்திலும் விவிலிய போதனையிலும் ஈடுபடுவர். முதல் கூடுகை 1941 டிசம்பரில் சென்னையில் நடைபெற்றது. அவ்வாண்டில் தென்புறநகரான பல்லாவரத்தின் மலைமீது நடந்த இரவு ஜெபமே இதற்கு முன்னோடி.

விவிலிய அடிப்படை

இப்பெயர் பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்திலிருந்து பெறப்பட்டது. இஸ்ரவேலரின் பண்டிகைகளைக் கூறும் அவ்வதிகாரம், வாரந்தோறும் வரும் ஓய்வுநாளை முதலில் வைக்கிறது. ஆறு நாள் உழைத்தபின் வரும் ஏழாம் நாள் ஓய்வுக்குரியது. மக்கள் கூடிவர வேண்டிய பரிசுத்த நாளும் அதுவே. ஓய்வுநாளைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'சபாத்' நிறுத்துதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லோடு தொடர்புடையது. பரிசுத்தம் என்பதற்கான எபிரேயச் சொல், கடவுளுக்கெனப் பிரித்து வைக்கப்பட்டதைக் குறிக்கும்.

புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் இவ்வோய்வை அகநிலை ஆக்குகிறது. தன் சொந்தச் செயல்களை விட்டு ஓய்ந்திருப்பதே உண்மையான இளைப்பாறுதல் என்று 4ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆயினும் அதில் பிரவேசிக்க முயற்சி செய்யுமாறும் அறிவுறுத்துகிறது. பரிசுத்தத்தை நாட வேண்டும் என்பது 12ஆம் அதிகாரத்தின் போதனை. இளைப்பாறுதலும் முயற்சியும் எவ்வாறு இணைகின்றன என்பது நீண்டகால இறையியல் வினா ஆகும். இங்கிலாந்தில் 1875இல் தொடங்கிய கெசிக் இயக்கம், பரிசுத்தம் விசுவாசத்தால் பெறப்படுவது என வலியுறுத்தியது. திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில் பணிபுரிந்த ஏமி கார்மைக்கேல் இவ்வியக்கத்தைச் சார்ந்தவர். பிற்காலத்தில் லிவர்ப்பூல் பேராயரான ஜே. சி. ரைல், பரிசுத்தம் வாழ்நாள் முழுவதும் தொடரும் போராட்டம் என்று எழுதினார்.

வரலாறு

பக்த் சிங் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்திலும் கனடாவிலும் பொறியியல் பயின்றார். 1929இல் கனடாவின் வின்னிபெக் நகரில் கிறித்தவரானார். 1933இல் இந்தியா திரும்பி நற்செய்திப் பணியில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் இந்தியத் திருச்சபையின் வடிவம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி பரவலாக எழுந்திருந்தது. 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய பன்னாட்டு அருட்பணி மாநாட்டிலும் திருச்சபை பற்றிய விவாதம் முதன்மை பெற்றது.

1941இல் பக்த் சிங், தாம்பரத்துக்கும் பரங்கிமலைக்கும் இடையிலுள்ள பல்லாவரத்தின் மலைமீது இரவு முழுவதும் ஜெபத்தில் செலவிட்டார். புதிய ஏற்பாட்டு முறைப்படி சபைகளை நிறுவும் தரிசனத்தை அங்குப் பெற்றதாக அச்சபையினர் கருதுகின்றனர். இயேசு பன்னிரு சீடரைத் தேர்ந்தெடுக்கும் முன் மலையில் இரவு முழுவதும் ஜெபித்தார் என்னும் லூக்கா நற்செய்திச் செய்தி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சென்னையில் தொடங்கிய சபையின் இல்லத்திற்கு 'யெகோவா ஷம்மா' எனப் பெயரிடப்பட்டது. 'கர்த்தர் அங்கே இருக்கிறார்' என்பது இதன் பொருள். பின்னர் ஐதராபாத்தின் எப்ரோன் இவ்வியக்கத்தின் மையமானது.

அமைப்பு

ஐதராபாத் கூடுகைகளில் பல்லாயிரவர் கலந்துகொண்டனர். கூடாரங்களில் தங்கி, பாயில் அமர்ந்து, ஒன்றாக உண்பது வழக்கம். விடியலில் தொடங்கும் ஜெபமும் போதனையும் இரவு வரை நீளும். சமையல், துப்புரவு முதலியவற்றை விசுவாசிகளே தொண்டாகச் செய்வர். செலவுகள் விருப்பக் காணிக்கையால் ஈடுசெய்யப்பட்டன. பொதுமக்களிடம் நிதி கோரப்படவில்லை. இங்கு ஓய்வு என்பது உடல் சும்மா இருத்தலன்று என்பதை இவ்வொழுங்கு காட்டுகிறது. உழைப்பு நீடிக்கிறது, வருவாய்க்கான கவலையே நிறுத்தப்படுகிறது.

கருத்து வேறுபாடுகள்

பக்த் சிங்கின் சபைகள் மரபுவழித் திருச்சபைகளின் அமைப்புக்கு வெளியே வளர்ந்தன. பரிசுத்தம் பிரித்து வைத்தலைக் குறிப்பதால், ஏற்கெனவே உள்ள திருச்சபையிலிருந்தும் பிரிய வேண்டுமா என்ற வினா இதனால் எழுகிறது. தூய வாழ்வுக்கு அது தேவை என்பது ஒரு சாராரின் கருத்து. திருச்சபையின் ஒருமைப்பாட்டுக்கு அது ஊறு விளைவிக்கும் என்பது மறுசாராரின் கருத்து. பக்த் சிங் 2000 செப்டம்பர் 17 அன்று ஐதராபாத்தில் காலமான பின்னரும் இக்கூடுகைகள் நடைபெற்று வருகின்றன.

இவற்றையும் பார்க்க

பல்லாவரம்
ஓய்வுநாள்
ஏமி கார்மைக்கேல்
சென்னைக் கிறித்தவக் கல்லூரி