செவி நரம்புக் கட்டி: கதிர்வழி ரண சிகிச்சை

செவியிலிருந்து மூளைத் தண்டுக்குச் செல்லும் எட்டாம் கபால நரம்பின் உறையணுக்களில் தோன்றி மந்த கதியில் வளரும் தீங்கற்ற கட்டியை, மண்டையைத் திறவாமல், பல திசைகளிலிருந்து பாயும் மெல்லிய கிரணங்கள் ஒரே புள்ளியில் கூடுமாறு செய்து வளர்ச்சி குன்றச் செய்யும் முறை. கட்டி பெரும்பாலும் அந்நரம்பின் கேட்டலுக்குரிய பிரிவில் அன்றி, உடலின் சமநிலையைக் காக்கும் பிரிவிலேயே பிறக்கிறது. ஆயினும் நோயாளி முதலில் உணர்வது ஒரு காதின் மந்தமும் ஓயாத இரைச்சலுமே. தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, அதன் காரணத்தை மாதக்கணக்கில் ஆராயாதிருப்போர் பலர்.

இக்கட்டியைப் பிரேத பரிசோதனையில் கண்டு 1777இல் எழுதியவர் லைடன் நகரத்து சாண்டிஃபோர்ட். முதலில் வெற்றியுடன் அகற்றியவர் 1894இல் லண்டன் பாலன்ஸ் என்பர் சிலர்; அவர் எடுத்தது மூளை உறைக் கட்டியாகலாம் எனக் கருதுவோர், 1895இல் எடின்பரோவில் அறுவை செய்த அன்னண்டேலுக்கே அப்பெருமையை அளிப்பர். 1917இல் ஹார்வி குஷிங் இக்கட்டிகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

கதிர்வழி முறையின் வரலாறு ஸ்வீடன் தேசத்து லார்ஸ் லெக்ஸெல் என்பவரிடம் தொடங்குகிறது. மூளையின் ஆழத்திலுள்ள எந்த ஸ்தானத்தையும் கணித முறையில் குறிக்கவல்ல உலோகச் சட்டம் ஒன்றை 1940களின் இறுதியில் அமைத்த அவர், ஊசி செல்லும் வழியில் கிரணமே செல்லலாகாதா என்று எண்ணி, 1951இல் அக்கருத்தை வெளியிட்டார். எக்ஸ் கதிரையும், உப்சாலா நகரத்து சைக்ளோட்ரான் யந்திரத்தின் புரோட்டான் கற்றையையும் பரீட்சித்த பின்னர், 179 கோபால்ட்-60 மூலங்களை ஒரு கவசத்துள் அடக்கிய காமா நைஃப் யந்திரம் ஸ்டாக்ஹோமில் நிறுவப்பெற்றது. ஆண்டு 1967 என்றும் 1968 என்றும் நூல்கள் வேறுபடும். செவி நரம்புக் கட்டிக்கு 1969இல் முதன்முறையாக இதனைப் பயன்படுத்திய லெக்ஸெல், 1971இல் அதுபற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். கம்ப்யூட்டர் ஸ்கேன் இல்லாத அக்காலத்தில், மூளையைச் சூழ்ந்த நீரறைகளில் காற்றையோ எக்ஸ் கதிரில் தெரியும் மருந்தையோ செலுத்தி, படத்தில் விழும் நிழலைக் கொண்டே கட்டியின் எல்லையைக் கணித்தனர் என்பது இன்று வியப்பளிக்கும். லெக்ஸெலின் உலோகச் சட்டம் நெற்றியிலும் பின்மண்டையிலுமாக நான்கு திருகூசிகளால், அவ்விடம் மட்டும் மரத்துப்போகச் செய்து, பொருத்தப்படுகிறது. அதன் நடுப்புள்ளிக்கு மூன்று அச்சிலும் பூச்சியம் என்னாது நூறு மில்லிமீட்டர் என்றே எண் இட்டிருத்தலால், தலையின் எப்பாகத்தைக் குறித்தாலும் கணக்கில் கழித்தல் குறி தோன்றுவதில்லை. அவசரத்தில் ஒரு குறி விடுபட்டு இடம் வலமாகும் அபாயத்துக்கு இடமே இல்லை. கோபால்ட் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டில் பாதியாய்த் தேய்வதால், அதே அளவு கதிரைப் பெற, அக்கால அளவுக்குப் பின் வரும் நோயாளி இரு மடங்கு நேரம் படுத்திருத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் கட்டியின் ஓரத்துக்கு 20 கிரே அளவிலும் அதற்கு மேலும் கதிர் அளித்தனர்; கட்டி அடங்கிற்றாயினும், முகம் கோணுதலும் கன்னம் மரத்தலும் பலருக்கு நேர்ந்தன. 1987இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 201 மூலங்களுடன் பணி தொடங்கிய பின்னர், அளவைப் படிப்படியாகத் தாழ்த்தி, 1990களில் 12, 13 கிரே என்ற நிலைக்கு வந்தனர். கட்டி அடங்கும் விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலாகவே நின்றது. முகநரம்பும் பெரும்பாலோர்க்குத் தப்பிற்று. இம்முறை மதிப்புப் பெற்றது கதிரின் வலிமையால் என்பதினும், எவ்வளவு குறைவு போதும் என்று கண்டதனால் எனல் தகும்.

தமிழகத்தில், 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் ரண சிகிச்சையைத் தொடங்கினர். ராமமூர்த்தி 1922இல் பிறந்த ஊர், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள சீகாழி. 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோரும், லெக்ஸெல் வகுத்ததை ஒத்த சட்டங்களைக் கொண்டு மூளையின் ஆழ்ந்த பகுதிகளில் சிகிச்சை செய்தனர். அக்கருவிகளில் சென்றது கிரணம் அன்று, மெல்லிய ஊசியே.

இந்தியாவில் காமா நைஃப் 1997இல் மும்பை இந்துஜா மருத்துவமனையிலும் தில்லி எய்ம்ஸிலும் அமைந்தது. வேலூரில் லீனியர் ஆக்சிலரேட்டர் வழியும், சென்னை அப்போலோவில் 2009 முதல் சைபர்நைஃப் வழியும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. சைபர்நைஃப் யந்திரத்தை வடிவமைத்த ஜான் ஆட்லர், லெக்ஸெலிடம் பயின்றவர். அதில் திருகூசிச் சட்டம் இல்லை, முகத்தில் படியும் முகமூடியே போதும். சிதம்பரத்தில் 1985இல் தோன்றி, இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் ராஜா முத்தையா கல்லூரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலோ புதுவை ஜிப்மரிலோ கேள்விப் பரிசோதனையும் ஸ்கேனும் முடித்த கடலூர் வட்டாரத்தினர், கதிர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சென்னையையோ வேலூரையோ நாடுகின்றனர்.

சிறு கட்டிக்கு உடனே கதிர் அளிப்பதா, வளருமா என்று பார்த்திருப்பதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. நூறு பேரிடம் நான்காண்டு நடந்து 2023இல் வெளியான நார்வே தேசத்து ஆய்வில், உடனே கதிர் பெற்றோரிடம் கட்டி அதிகம் சுருங்கிற்று. கேள்விச் சக்தியைக் காத்தலில் வேறுபாடு தெளிவாகவில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்டு மூளைத் தண்டை அழுத்தும் கட்டிக்கு அறுவையே விதிக்கப்படுகிறது. கதிருக்குப் பின் முதல் ஓரிரு ஆண்டில் கட்டி சற்றுப் பருத்துப் பின்னர் சுருங்குவதும் உண்டாதலால், ஒரு ஸ்கேனை மட்டும் நோக்கிச் சிகிச்சை தோற்றதெனக் கொள்ளாது, ஆண்டுதோறும் எடுத்த படங்களை ஒப்பிட்டே நிபுணர்கள் முடிவு செய்கின்றனர்.