மண்டகப்பட்டு முதல் திருநாதர்குன்று வரை

விழுப்புரத்திலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் பாதை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். காலையில் நண்பர்களோடு ஒரு வேனில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் சுற்றி வந்துவிடலாம். அந்த ஒரு பகலுக்குள் தமிழகக் கட்டுமான வரலாற்றின் ஆயிரம் ஆண்டுகள் கண்முன் வந்து போகும். பெரும்பாலோர் செஞ்சிக் கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்புவதால் முந்தைய அத்தியாயங்கள் படிக்கப்படாமலே போகின்றன.

முதல் அத்தியாயம் மண்டகப்பட்டு. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி அயன், அரன், அரி மூவருக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த ஆலயம் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. ‘விசித்திரசித்தன்’ என்பது மகேந்திரனின் விருதுப்பெயர். ஒரு கட்டடம் தன்னிடம் இல்லாத பொருள்களைச் சொல்லிப் பெருமை கொள்வது விந்தைதான். அந்நாளைய கோயில்கள் பெரிதும் அந்த நான்கால் ஆனவை, நாள்பட அழிபவை என்பதை நினைத்தால் அப்பெருமிதத்தின் காரணம் விளங்கும்.

பாறையைக் குடைவது கட்டுவதற்கு நேர்மாறான வேலை. கட்டுகிறவன் பிழையான கல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். குடைகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. பாறை முகத்தைச் சதுரங்களாகப் பகுத்துக்கொண்டு சிறிது சிறிதாக உட்சென்றார்கள் என்பதை மாமல்லையில் முற்றுப்பெறாது நிற்கும் குடைவரைகள் காட்டுகின்றன. அஜந்தாவின் எரிமலைப் பாறையோ வாதாபியின் மணற்கல்லோ அல்ல இது. உளியை எளிதில் ஏற்காத கருங்கல். தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் இடையில் எண்பட்டையாகவும் தடித்து நிற்கின்றன. முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் இருவர். கருவறைக்குள் செல்லாதவனும் வெளியில் நின்றே காணத்தக்க சிற்பங்கள் அவை. அருகிலுள்ள தளவானூர்க் குடைவரையில் மகர தோரணமும் தமிழ்ச் செய்யுளில் அமைந்த கல்வெட்டும் உண்டு. இலக்கியம் பயில்வோர் அதற்காகவே அங்கு செல்ல வேண்டும்.

செஞ்சியில் மகேந்திரன் விலக்கிய செங்கல்லும் சுண்ணாம்பும் திரும்பி வந்துவிடுகின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை அது. ராஜகிரியின் உச்சியை அடையுமுன் ஓர் இயற்கைப் பிளவைச் சிறு பாலத்தால் கடக்க வேண்டும். பாலத்தை அகற்றினால் உச்சி தனித்தீவு. முற்றுகையில் மதிலைவிட முக்கியம் தண்ணீரும் தானியமும். சுனைகள், குளங்கள், மண்குழாய்கள், வளைவுக் கூரையுள்ள களஞ்சியம் யாவும் அந்த அறிவின் சாட்சிகள். 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையில் அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையை 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் எதிர்த்து நிற்க முடிந்தது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக 2025 ஜூலையில் இது யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் மேல் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் இரு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அக்குன்றின் தொன்மையான தமிழ்க் கல்வெட்டொன்று சொல்கிறது.

இந்தக் கல்வெட்டுகளில் மன்னனின் விருதுப்பெயர் இருக்கிறது. துறவியின் பெயரும் இருக்கிறது. மண்டகப்பட்டின் காவலரையும் இக்குன்றின் இருபத்து நால்வரையும் செதுக்கியவர்களின் பெயர்கள் இல்லை. மகேந்திரன் தவிர்த்த பொருள்களை எண்ணிச் சொன்ன கல்வெட்டு, தவிர்க்க முடியாத அந்தக் கைகளைச் சொல்லாமல் விட்டது. அவர்கள் விட்டுச் சென்ற எழுத்து உளித்தடங்கள் மட்டுமே. சுண்ணாம்படித்தும் பெயர் கிறுக்கியும் பாறைமேல் நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும் முதலில் அழிப்பது அந்தத் தடங்களைத்தான். அரசனின் பெயர் நூல்களில் ஏறிவிட்டது, இனி அதற்கு அழிவில்லை. இவர்களுக்கு அந்தப் பாறையை விட்டால் வேறு ஏடு இல்லை.