கல்லக்குடி தண்டவாளமும் காவல்துறைத் துப்பாக்கியும்

அரியலூரில் இருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவர்கள், கல்லகம் தாண்டியதும் ஒரு சிமெண்ட் ஆலையையும் அதை ஒட்டிய ஒரு சிறிய ரயில் நிலையத்தையும் பார்க்கலாம். பெயர்ப்பலகையில் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்று எழுதியிருக்கும். ஏதோ ஒரு சாதாரண நிலையம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பெயரை மாற்றுவதற்காக 1953ஆம் ஆண்டு இங்கே துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின.

அமைதியாகப் போராடுகிறவர்களிடம் போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? ஒவ்வொரு தலைமுறையிலும் இந்தக் கேள்வி புதிதாக எழுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இது மிகவும் பழைய கேள்வி.

ஊர்ப்பெயர் மாறிய கதை

அரியலூர் வட்டாரம் முழுக்க பூமிக்குள் சுண்ணாம்புக்கல். இன்றைக்கு மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்கு அதுதான் காரணம். அந்தக் கல்லை நம்பி 1939இல் டால்மியா குழுமம் கல்லக்குடியில் ஆலை தொடங்கியது. ஆலை வந்த பிறகு ரயில் நிலையத்தின் பெயரும் 'டால்மியாபுரம்' ஆகிவிட்டது.

வடநாட்டு முதலாளியின் பெயரைத் தமிழ் ஊருக்கு வைப்பதா என்று திராவிட முன்னேற்றக் கழகம் கேட்டது. 1953 ஜூலையில் அக்கட்சி 'மும்முனைப் போராட்டம்' அறிவித்தது. முதல் முனை, ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எதிர்ப்பது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்பதுதான் அந்தத் திட்டம். எதிர்ப்பாளர்கள் அதைக் 'குலக்கல்வி' என்று அழைத்தார்கள். இரண்டாவது முனை, கழகத்தின் போராட்டத்தை 'நான்சென்ஸ்' என்று சொன்ன பிரதமர் நேருவைக் கண்டித்து ரயில்களை நிறுத்துவது. மூன்றாவது, டால்மியாபுரத்தைக் கல்லக்குடி ஆக்குவது.

போராட்டம் தொடங்கும் முன்பே அண்ணா, நெடுஞ்செழியன், ஈ.வெ.கி. சம்பத், மதியழகன், என்.வி. நடராசன் ஆகிய ஐந்து தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். இதுதான் பின்னால் 'ஐவர் வழக்கு' என்று பேசப்பட்டது.

ஜூலை 15, 1953

கல்லக்குடிக்குத் தலைமை தாங்கியவர் 29 வயது மு. கருணாநிதி. அவரும் தோழர்களும் டால்மியாபுரம் என்ற பலகையின் மேல் 'கல்லக்குடி' என்று அச்சிட்ட தாளை ஒட்டினார்கள். பிறகு தண்டவாளத்தில் படுத்துக்கொண்டார்கள். போலீஸ் அவர்களைக் கைது செய்தது. கவிஞர் கண்ணதாசனும் இந்தப் போராட்டத்தில்தான் சிறைக்குப் போனார்.

அதே நாளில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கல்லக்குடியில் இரண்டு பேர் இறந்தார்கள். ரயில் மறியல் நடந்த தூத்துக்குடியிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்ப்பலி ஏற்பட்டது.

இந்த ஒரு நாளைப் பற்றியே இருவேறு கதைகள் உண்டு. கருணாநிதி தன் வரலாறான 'நெஞ்சுக்கு நீதி'யில் அதைத் தியாகமாக எழுதினார். கட்சியை விட்டு விலகிய கண்ணதாசன் 'வனவாசம்' நூலில் அதே நிகழ்ச்சியைக் கேலியாக எழுதினார். படுத்தவர் எவ்வளவு தைரியமாகப் படுத்தார் என்பதில்தான் இருவருக்கும் சண்டை. சுடப்பட்டு இறந்தவர்களைப் பற்றிய விவாதம் அந்தச் சண்டையில் அமுங்கிப் போனது.

எது அமைதிப் போராட்டம்?

தண்டவாளத்தில் படுப்பது அமைதிப் போராட்டமா? கையில் ஆயுதம் இல்லை, யாரையும் அடிக்கவில்லை, தன் உடம்பைத்தான் பணயம் வைக்கிறார்கள், ஆகவே அது அமைதிப் போராட்டமே என்பது ஒரு பக்கம். ரயிலை மறிப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், நூற்றுக்கணக்கான பயணிகள் பாதிக்கப்படுகிறார்கள் என்பது மறுபக்கம்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை மீறுவது வேறு, வன்முறையில் இறங்குவது வேறு. சட்டத்தை மீறியவரைக் கைது செய்யலாம், வழக்குப் போடலாம், சிறைக்கு அனுப்பலாம். கருணாநிதிக்கும் கண்ணதாசனுக்கும் அதுதான் நடந்தது. போராடுகிறவர்களும் அதற்குத் தயாராகத்தான் வருகிறார்கள். குண்டு அப்படியல்ல. தீர்ப்பு வரும் முன்பே தண்டனையைக் கொடுத்துவிடுகிறது.

அரசியல் சட்டத்தின் 19(1)(ஆ) பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. 19(3) அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. இன்னொரு பக்கம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் அதைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்ல வழி வைத்திருக்கும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமும் தொடர்ந்தது. 2024 ஜூலை முதல் குற்றவியல் சட்டங்களின் பெயர்கள் மாறின. புகழ்பெற்ற 144 தடை உத்தரவு இப்போது 163ஆம் பிரிவாகிவிட்டது. எண்தான் மாறியது, அதிகாரம் மாறவில்லை.

ராஜாஜியின் இரண்டு முகங்கள்

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1953இல் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி. அவரே 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு உப்பு எடுக்கக் கிளம்பியவர். உப்புச் சட்டத்தை மீறுவதுதான் அந்த யாத்திரையின் நோக்கமே. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியில் மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30இல் ராஜாஜி கைதானார்.

அன்று சட்டத்தை மீறியவர், 23 ஆண்டுகள் கழித்து அதே திருச்சி மாவட்டத்தில் சட்டம் ஒழுங்கைக் காக்கும் நாற்காலியில் இருந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியில் மறியல் சரி, நம் ஆட்சியில் மறியல் தேவையில்லை, தேர்தல் இருக்கிறது என்பது அன்றைய காங்கிரஸ்காரர்கள் பலரின் வாதம். ஆனால் 1952 தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. சட்டசபையில் அதற்கு இருக்கையே இல்லை. தெருவும் தண்டவாளமும்தான் அதன் மேடை.

லோகியா எழுப்பிய கேள்வி

அடுத்த ஆண்டே இந்த விவாதம் இந்தியா முழுவதும் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. அங்கே முதல்வர் பட்டம் தாணு பிள்ளை. பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்காரர்.

அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். அங்கிருந்தே, தன் சொந்தக் கட்சி முதல்வர் பதவி விலக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்று கேட்டார். சொந்த மக்களைச் சுட்ட அரசு முதலில் நாற்காலியை விட்டு இறங்கி, பிறகு பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் நிலை. பட்டம் தாணு பிள்ளை மறுத்தார். கட்சியும் லோகியா பக்கம் நிற்கவில்லை. 1955இல் கட்சியே உடைந்தது.

எதிர்க்கட்சி சுட்டால் கொலை, நம் கட்சி சுட்டால் சட்டம் ஒழுங்கு என்பதுதான் வழக்கமான நியாயம். லோகியா அந்த வழக்கத்தை உடைத்தார். அப்படிச் செய்த தலைவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கீழப்பழுவூரில் இருந்து ஒருவர்

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழப்பழுவூர். அந்த ஊர்க்காரர் சின்னச்சாமி 1964 ஜனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து திருச்சி ரயில் நிலையம் முன்பு தீக்குளித்தார். அடுத்த ஆண்டு 1965 ஜனவரியில் மாணவர் போராட்டம் வெடித்தது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். பிப்ரவரி 12இல் பொள்ளாச்சியிலும் துப்பாக்கிச்சூடு.

அந்தப் போராட்டம் முழுவதும் அமைதியாக நடந்தது என்று சொன்னால் அது உண்மையல்ல. திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள் கூட்டத்தால் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அரசுக் கணக்கில் மொத்தம் சுமார் 70 பேர் இறந்தார்கள். உண்மை எண்ணிக்கை பல மடங்கு என்று மற்றவர்கள் சொன்னார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையிலேயே ஒத்த கருத்து இல்லாதபோது, யார் முதலில் தொடங்கியது என்பதில் எப்படி வரும்?

மக்கள் 1967 தேர்தலில் பதில் சொன்னார்கள். முதல்வர் பக்தவத்சலம் தோற்றார். காமராஜர் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். தி.மு.க. 137 இடங்களில் வென்றது. அதன் பிறகு கல்லக்குடிக்குத் தன் பெயரும் திரும்பக் கிடைத்தது.

நாற்காலி மாறியது, துப்பாக்கி மாறவில்லை

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1972 ஜூலையில் மேலும் பல விவசாயிகள் பலியானார்கள். அப்போது முதல்வர், கல்லக்குடித் தண்டவாளத்தில் படுத்த அதே கருணாநிதி. பின்னர் அ.தி.மு.க. ஆட்சியிலும் இதே கதை. 2011 செப்டம்பர் 11 பரமக்குடியில் ஆறு பேர். 2018 மே 22 தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் துப்பாக்கிச்சூடு, 13 உயிர்கள்.

தூத்துக்குடி பற்றி விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. தகுந்த எச்சரிக்கை இல்லாமல் சுட்டார்கள் என்று அது சொன்னது. 17 போலீசார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதையும் ஆணையம் ஏற்கவில்லை.

உலகத்திலும் இதுதான் நிலைமை. 1819இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய சுமார் 60,000 பேர் மீது குதிரைப்படை பாய்ந்தது. பீட்டர்லூ படுகொலை என்று அதற்குப் பெயர். பத்து ஆண்டுகள் கழித்து 1829இல் லண்டனில் புதிய போலீஸ் உருவானபோது, அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, தடிதான் இருந்தது. அதே இங்கிலாந்து இந்தியாவுக்குக் கொடுத்ததோ 1861ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆளப்படுகிற மக்களை அடக்கி வைக்க உருவான அமைப்பு அது.

கல்லக்குடியில் இருந்து தூத்துக்குடி வரை கிடைக்கும் பாடம் எளிமையானது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாரும் போராட்ட உரிமையைப் பேசுகிறார்கள். கோட்டைக்குள் நுழைந்ததும் சட்டம் ஒழுங்கைப் பேசுகிறார்கள். ஆகவே அந்த உரிமையைக் கட்சிகளை நம்பி விட்டுவிட முடியாது. ஒவ்வொரு துப்பாக்கிச்சூட்டுக்கும் உடனடியான, சுதந்திரமான விசாரணை வேண்டும். அறிக்கை வந்தால் அதன்மேல் நடவடிக்கை வேண்டும். அறிக்கை அலமாரியில் தூங்கினால், அடுத்த துப்பாக்கிக்கு அதுவே அனுமதிச் சீட்டு.

கல்லக்குடிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அன்று அங்கே விழுந்த இரண்டு உயிர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் இன்னும் அந்தத் தண்டவாளத்திலேயே கிடக்கிறது.