மெட்ராஸ் டைம் முதல் வீட்டு ரூட்டர் வரை

ஒரகடம் சாலையில் காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடத்தின் அருமை தெரியும். கையில் உள்ள கடிகாரம் ஒரு நேரம் சொல்லும், டிரைவரின் கடிகாரம் வேறு சொல்லும், கேட்டில் உள்ள வருகைப் பதிவு மெஷின் மூன்றாவதாக ஒன்று சொல்லும். சம்பளம் போடுவது அந்த மெஷினை வைத்துத்தான்! வீட்டிலும் இதே கதைதான். ஒரே மேஜையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரம் காட்டுவதில்லை.

காரணம் எளிது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விலை மலிவானது. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் விநாடி, மாதத்துக்கு ஐம்பது விநாடி தவறிவிடும். சூடு குளிருக்கும் அது மாறும். ஆகவே ‘சரியான நேரம்’ என்பதை வெளியிலிருந்து யாராவது சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்லும் வேலையை இந்தியாவில் முதலில் பெரிய அளவில் செய்தது நம் சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது.

பழைய காலத்தில் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். ஊருக்கு ஊர் உதயம் மாறும், ஆகவே நேரமும் மாறும். சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையிலேயே சூரியக் கணக்கில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வித்தியாசம் உண்டு. மாட்டு வண்டிக்கு அது பொருட்டே இல்லை. ரயில் வந்த பிறகுதான் சிக்கல்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானியல் ஆய்வகம் கட்டியது. வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ ஐந்து மணி 21 நிமிடம் முன்னால் உள்ளது என்றார். கணக்கு சுலபம்: ஒரு பாகைக்கு 4 நிமிடம், சென்னை சுமார் 80.3 பாகை. பெருக்கினால் 321 நிமிடம்.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பின்னர் பாதைகள் நாடெங்கும் இணைந்தபோது பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று குழப்பம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி இரண்டு நிமிட வேறுபாடு! சென்னை நேரம் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. தந்திக் கம்பி வழியாக நேரம் அனுப்ப ஆய்வகமும் தயாராக இருந்தது. இப்படித்தான் 1870-களில் ‘மெட்ராஸ் டைம்’ இந்திய ரயில்வேயின் நேரமானது. நகரவாசிகளுக்கோ ஆய்வகக் கடிகாரத்தோடு இணைத்து, இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள். (இன்றைக்கு அப்படிச் செய்தால் நேரத்தைவிட தூக்கம் கலைந்ததுதான் பேச்சாக இருக்கும்.)

1906 ஜனவரி 1-ல் 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் வந்தது. சென்னைக்காரர்கள் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளினார்கள், அதோடு சரி. பம்பாயில் அது 39 நிமிடம். வேலை நேரத்தை மாற்றியதை எதிர்த்து அந்த ஜனவரியிலேயே ஆலைத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கடிகாரத்தில் 39 நிமிடம் என்றால் குளிர்காலத்தில் இருட்டோடு எழுந்து ஓட வேண்டும் என்று அர்த்தம். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் பழைய நேரத்தை முழுதாக விடவில்லை.

கம்ப்யூட்டர் உலகத்தில் இதே வேலையைச் செய்வது என்டிபி. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது, 1985-ல் வெளிவந்தது. நேரத்தைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, பதில் வழியில் வரும் தாமதத்தையும் கழிக்க வேண்டும். உங்கள் கடிகாரத்தில் 10:00:00-க்குக் கேள்வி போகிறது. சர்வரின் கடிகாரத்தில் 10:00:05-க்கு அது கிடைத்து, உடனே பதில் புறப்படுகிறது. உங்களுக்கு அது 10:00:02-க்கு வந்து சேர்கிறது. போக வர இரண்டு விநாடி, ஒரு வழிக்கு ஒன்று. எனவே பதில் வரும்போது உண்மை நேரம் 10:00:06. உங்கள் கடிகாரம் நான்கு விநாடி பின்தங்கியிருக்கிறது! போகும் வழியும் வரும் வழியும் சமம் என்று நம்புவதுதான் இதன் பலவீனம்.

வீட்டில் ஐந்து கருவிகள் இருந்தால் ஐந்தும் தனித்தனியாக வெளியே கேட்க வேண்டியதில்லை. ரூட்டரோ ஒரு கம்ப்யூட்டரோ மட்டும் கேட்டு வாங்கி, மற்றவை அதனிடம் கேட்கட்டும். ரயில் நிலையங்களுக்குச் சென்னை ஆய்வகம் செய்ததும் இதுவே. நிறுவனங்களுக்கு இது இப்போது விருப்பமல்ல, கட்டளை. தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது தேசியத் தகவல் மையத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புடைய சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவிட்டது. திருட்டு நடந்தது எந்த விநாடியில் என்று இரண்டு பதிவேடுகள் இரண்டு விதமாகச் சொன்னால் விசாரணை எப்படி நடக்கும்?

நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழும் தெலுங்கும் உட்படச் சில மொழிகளில் அதில் எழுத்து உண்டு.