கையும் ஏடும்

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தைக் கடக்குந்தோறும் ஒரு செய்தி நம் நினைவிற்கு வருகின்றது. 1938 பிப்ரவரி 20-ஆம் நாள், மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். இலண்டன் போக்குவரத்தில் பழகிய சால்ட்டர் என்பார் அதனை நடத்தினார். சீமையிலிருந்து வந்தவை அடிச்சட்டமும் டீசல் எஞ்சினுமே. சால்ட்டரின் மேற்பார்வையில் வண்டிக்கூடு கட்டியவர்கள் இங்குள்ள தொழிலாளர்களே. திருவனந்தபுரம் பொறியியற் கல்லூரி தோன்றியதோ மறு ஆண்டு, 1939-இல்!

இதனால் கல்லூரியைக் குறைத்துரைப்போம் அல்லோம். சட்டம் தாங்கும் பளுவைக் கணக்கிட ஏடு வேண்டும். எஞ்சினின் ஓசை கேட்டுப் பழுதறியப் பட்டறைப் பழக்கம் வேண்டும். பட்டம் பெறும் பிள்ளையைப் போற்றும் நம் இல்லங்கள், கையில் எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பும் பிள்ளையையும் அவ்வாறே போற்றுகின்றனவா? பெற்றோர் எண்ணிப் பார்ப்பார்களாக.