ஜான்சன் லில்லி

பெயரில் லில்லி, குடும்பமோ அமரில்லிஸ். ஹிப்பியாஸ்ட்ரம் பேரினத்தின் முதல் தோட்டக் கலப்பினம். 1799 வாக்கில் இங்கிலாந்துக் கடிகாரத் தொழிலாளி ஆர்தர் ஜான்சன், ரெஜினே, விட்டேட்டம் என்ற தென் அமெரிக்க இனங்களைக் கலந்து உருவாக்கினார். சிவப்பு இதழ்தோறும் நடுவில் வெள்ளைக் கோடு ஓடும். இந்தியாவில் இதுபோன்ற குமிழ்ச் செடிகளில் ஆர்வத்தை வளர்த்தவர்களுள் ஒருவர், 1820இல் கல்கத்தாவில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிய வில்லியம் கேரி.

ஏற்காடு, நாகலூர் பக்கம் வளர்ப்போர் நீர் வடியும் சரிவில் நடுவது நல்லது; தண்ணீர் தேங்கினால் குமிழ் அழுகும்.

புது ரகம் வேண்டுவோர், மகரந்தப் பை வெடிக்குமுன் அதைக் கிள்ளிவிட்டு, சூல்முடி மூன்றாகப் பிரிந்ததும் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவார்கள். காய் முற்றினால் உள்ளே காகிதம்போல் மெல்லிய கறுப்பு விதைகள். அவை முளைத்துப் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பொறுக்காதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. பழைய ரகத்தை மாறாமல் காக்கப் பக்கக் குமிழே வழி.