டோக்கன்

டோக்கன் (பெயர்ச்சொல்): அடையாளம், அறிகுறி எனப் பொருள்படும் ‘டாக்கன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியின் ‘ட்சைகன்’ இதன் உறவுச்சொல். தமிழ் வழக்கில் ரேஷன் கடையிலும் வங்கியிலும் தரப்படும் வரிசைச் சீட்டு.

கணினித் துறையில், கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செயலி காட்டும் அனுமதிக் குறியீடு. 2012இல் வெளியான ஓஆத் 2.0 நெறிமுறை இதன் பயன்பாட்டை வகுத்தது. எடுத்துக்காட்டாக, ஸ்பாட்டிஃபை இசைச் சேவைக் கணக்கைக் கட்டளைவரிக் கருவியுடன் இணைக்கும்போது பிரவுசர் திறக்கும். பயனர் அங்கே உள்நுழைந்து ஒப்புதல் தந்ததும் டோக்கன் கருவிக்கு வரும். கடவுச்சொல் கருவியின் கைக்குப் போவதில்லை. இந்த அணுகல் டோக்கன் 1 மணி நேரம் செல்லும். பிறகு, உடன் வந்த புதுப்பிப்பு டோக்கனைக் கொடுத்துப் புதியது பெறப்படும். டோக்கன் பிறர் கையில் சிக்கினால், ஒப்புதல் தந்த அளவுக்கு அவரும் கணக்கைக் கையாளலாம். ஆகவே லினக்ஸில் டோக்கன் கோப்பை உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத இடம்தரும் 600 அனுமதியில் வைப்பதே முறை.